சரிவு காணும் முக்கோணம் பெரிதாக இருக்கட்டும்

படிவம் 4, 5 மாணவர்களின் இயற்பியல் செய்முறை அறிக்கைகளில் அடிக்கடி காணும் காட்சி இது. நேர்க்கோடு அழகாக இருக்கும். சரிவு காண வரைந்த முக்கோணமோ நகக்கண் அளவில் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும். சிலர் அதையும் வரையாமல், அட்டவணையிலிருந்து இரண்டு அளவீடுகளை எடுத்துக் கணக்கிட்டு விடுகிறார்கள். “விடை கிட்டத்தட்ட வந்துவிடுகிறதே!” என்பது அவர்கள் வாதம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

ஒவ்வோர் அளவீட்டிலும் சிறு பிழை உண்டு. நிறுத்துக் கடிகாரத்தைச் சற்றுத் தாமதமாக அழுத்தினாலே போதும். எல்லாப் புள்ளிகளுக்கும் நடுவே செல்லும் கோடு இப்பிழைகளை ஓரளவு சமன்செய்கிறது. பிறகு மீண்டும் அட்டவணைக்கே போனால், கோடு வரைந்ததால் என்ன பயன்? கோட்டின் மீதுள்ள புள்ளிகளையே எடுக்க வேண்டும்.

அவை தொலைவிலும் இருக்க வேண்டும். வரைபடத்தாளில் உயரத்தை வாசிக்கும்போது 1 மில்லிமீட்டர் பிசகலாம். முக்கோணத்தின் உயரம் 1 சென்டிமீட்டர் என்றால் அது 10 விழுக்காட்டுப் பிழை. 10 சென்டிமீட்டர் என்றால் 1 விழுக்காடுதான்.

தனி ஊசல் சோதனையைப் பாருங்கள். கிடை அச்சில் ஊசலின் நீளம்; செங்குத்து அச்சில் அலைவு நேரத்தின் வர்க்கம். கோட்டின் மீது நீளம் 0.10 மீட்டரிலிருந்து 0.90 மீட்டராகும்போது, வர்க்கம் 0.40இலிருந்து 3.62 ஆக உயர்கிறது என்போம். சரிவு 3.22 ÷ 0.80, அதாவது ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 4.03 விநாடி வர்க்கம். பையின் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் 39.48. அதைச் சரிவால் வகுத்தால் 9.8 கிடைக்கிறது. அதுதான் புவியீர்ப்பு முடுக்கம். நூலும் குண்டும் தந்த விடை! அலகு எழுதாமல் விட்டால் 4.03 எதைச் சொல்கிறது என்றே தெரியாது.

அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் மில்லிகன் 1916இல் வெளியிட்ட ஒளிமின் விளைவுச் சோதனையும் இப்படித்தான். ஒளியின் அதிர்வெண்ணுக்கு எதிராக நிறுத்த மின்னழுத்தத்தை வரைந்து, கோட்டின் சரிவிலிருந்து பிளாங்க் மாறிலியைக் கண்டார். இன்றைய மதிப்புக்கும் அதற்கும் வேறுபாடு சுமார் 1 விழுக்காடே. ஒளித்துகள் பற்றிய ஐன்ஸ்டைனின் கருத்தை அப்போது அவர் ஏற்கவில்லை. ஆனாலும் ஐன்ஸ்டைனின் சமன்பாடு சரியென்று அவர் வரைந்த கோடே காட்டியது.

மாணவர்களே, அடுத்த செய்முறையில் கோட்டின் பாதிக்கு மேல் நீளும் முக்கோணம் வரையுங்கள். சரிவை அலகோடு எழுதுங்கள். அது இயற்கையின் எந்த அளவைச் சொல்கிறது என்று ஒரு வரி சேருங்கள். புள்ளிகளுக்காக மட்டுமல்ல, உங்கள் அளவீட்டை நீங்களே நம்புவதற்காகவும்.