அடிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்!



இறுதியாண்டு வந்ததும் நம்முடைய செல்போன் நம்பர் ஊருக்கெல்லாம் எப்படித்தான் தெரிந்துவிடுகிறதோ! "தம்பி, டிப்ளமோ முடிக்கப் போறீங்களாமே? எங்க யுனிவர்சிட்டியில பி.டெக். சேருங்க" என்று தினம் ஓர் அழைப்பு. பொங்கல் விடுமுறைக்கு நான் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். கையில் பளபளக்கும் கையேடு. அதில் நீச்சல்குளம், ஏ.சி. வகுப்பறை, சிரிக்கும் மாணவர்கள். "இன்னைக்கே பத்தாயிரம் கட்டுனீங்கன்னா சீட்டு உறுதிங்க" என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். எது நல்லது, எது கெட்டது என்று சொல்ல அண்ணன் இல்லை, அக்கா இல்லை. அப்பா திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடும் வேலைக்காக சத்தீஸ்கர் போயிருந்தார். போன் போட்டு விவரம் சொன்னேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் கேட்ட ஒரே கேள்வி இதுதான்: "கேசிங் எவ்வளவுன்னு கேட்டியா கண்ணு?"

போர் போடுகிறவர்களுக்கு இது புரியும். அடிக்கு இவ்வளவு என்று குறைத்துச் சொல்லி வண்டியை நிறுத்திவிடுவார்கள். மண் சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் குழாய்க்குத் தனிக் காசு. ஆழம் போகப் போக அடிக்கான ரேட்டும் ஏறும். முழுக்கணக்கு கேட்காதவர் கடைசியில் கடன்காரர்! வந்தவரிடம் விடுதி, பஸ், தேர்வுக் கட்டணம், அடுத்த ஆண்டு உயர்வு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேட்டேன். "அதெல்லாம் சேர்ந்தப்புறம் பாத்துக்கலாம் தம்பி" என்றார். அம்மா பெட்டியை மூடிவிட்டார்.

அதன் பிறகுதான் உட்கார்ந்து விசாரிக்க ஆரம்பித்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் நாம் தனியார் பல்கலைக்கழகம் என்று பேசுபவை பெரும்பாலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். 1956-ஆம் ஆண்டின் யு.ஜி.சி. சட்டம் மூன்றாம் பிரிவின்படி அந்தத் தகுதி தரப்படுகிறது. வேலூர் வி.ஐ.டி.யும் தஞ்சை சாஸ்திராவும் 1984-ல் பொறியியல் கல்லூரிகளாகத் தொடங்கி, 2001-ல் இந்தத் தகுதி பெற்றன. 1985-ல் தொடங்கிய எஸ்.ஆர்.எம். 2002-ல் பெற்றது. கோவை அம்ரிதா 2003-ல் பெற்றது. பாடத்திட்டம், தேர்வு, பட்டம் எல்லாம் இவர்கள் கையிலேயே. இதில் நன்மையும் உண்டு. புதிய பாடத்தைச் சீக்கிரம் கொண்டு வரலாம்; நல்ல ஆய்வகம் கட்டலாம்; பெரிய கம்பெனிகளும் வருகின்றன. தனியார் என்றாலே கொள்ளை என்று மேடையில் முழங்க நான் தயாரில்லை. அரசுப் பள்ளியில் மாவட்ட அளவில் முதலிடம் பெறும் மாணவ மாணவியருக்கு வி.ஐ.டி. இலவச இடம் தருவதையும் மறுக்க முடியாது.

ஆனால் எதை வைத்து ஒப்பிடுவது? விளம்பரப் பலகையை வைத்தா?

எல்லோரும் காட்டுவது தரவரிசை. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியல் 2016 முதல் வருகிறது. பொறியியல் பிரிவில் 30 சதவீதம் கற்பித்தலுக்கும் வசதிக்கும், 30 ஆராய்ச்சிக்கு, 20 தேர்ச்சி, வேலை, மேல்படிப்புக்கு. மீதி 20 சமூகப் பரவலுக்கும், வெளியே உள்ள பெயருக்கும். ஆக, ஆராய்ச்சிக் கட்டுரைகளால் மேலே ஏறிய ஒரு நிறுவனம் நமக்கு வகுப்பில் எப்படிச் சொல்லித் தரும் என்பதை அந்த எண் சொல்லாது. அதே பட்டியலுக்காக ஒவ்வொரு நிறுவனமும் கொடுத்த விவரத்தை எடுத்துப் பாருங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று அதில் இருக்கும்.

இடைநிலை என்பது முக்கியம் நண்பர்களே! பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 3 லட்சம், ஒருவருக்கு 33 லட்சம் என்று வையுங்கள். சராசரி 6 லட்சம் என்று பேனர் கட்டலாம், பொய்யே இல்லை. ஆனால் வரிசையில் நடுவில் நிற்கிறவருக்கு 3 லட்சம்தான். நாம் பெரும்பாலும் நடுவில் நிற்கிறவர்கள்தானே?

அடுத்தது கடன். 4 லட்சம் வரை வங்கிகள் ஈடு கேட்பதில்லை. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்பது உண்மை. வட்டி ஓடாது என்பது பொய். 6 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் வட்டி மட்டுமே மாதம் 5,000. எனக்குப் பிறகு பிளஸ் ஒன் படிக்கிற தங்கை இருக்கிறாள். எங்கள் வீட்டுப் பத்திரம் ஒன்றுதான்.

முதல் பட்டதாரிகளான நமக்கு இன்னொரு விஷயம். அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. நிகர்நிலையிலும் நிர்வாக ஒதுக்கீட்டிலும் கிடையாது. லேட்டரல் கலந்தாய்வில் கல்லூரியின் பெயர் சிறியதாக இருக்கலாம்; அந்தச் சலுகை சிறியதல்ல. வட்டாட்சியர் அலுவலகச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.

எனவே எந்த நிறுவனம் ஆனாலும் நான்கு கேள்வி கேளுங்கள். லேட்டரலில் நேராக இரண்டாமாண்டு உண்டா, நம் பிரிவிலேயே உண்டா? மூன்றாண்டுக்கும் மொத்தச் செலவு எழுத்தில் தருவீர்களா? உதவித்தொகை என்றால், ஒரு பேப்பர் போனால் நின்றுவிடுமா? நம் பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் உண்டா? கல்லூரிக்கு இருக்கிறது என்று சொன்னால் ஏமாறாதீர்கள். அது பிரிவு பிரிவாகத் தருவது.

ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிடாதீர்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது யு.ஜி.சி. விதி. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால், சிறு பிடித்தம் போக முழுக் கட்டணமும் திரும்பத் தர வேண்டும் என்று 2018-ல் அறிவித்திருக்கிறார்கள்.

நான் முதலில் கலந்தாய்வுக்குத்தான் விண்ணப்பிக்கப் போகிறேன். அதைவிட நல்ல கணக்கை எழுத்தில் தருகிற பல்கலைக்கழகம் இருந்தால் மகிழ்ச்சியோடு போவேன்.

முடிவைச் சொன்னபோது அப்பா சிரித்தார். "தண்ணி இருக்கிற இடத்துல போடு கண்ணு. மேல பந்தல் எப்படி இருந்தா என்ன?"

— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை