மேடா, பள்ளமா?

விக்கிரவாண்டி என்றதும் நம்மில் பலருக்கு நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிதான் ஞாபகத்துக்கு வரும். நாமோ சமீபத்தில் அந்த ஊரில் இறங்கி, நண்பர் ஒருவரின் வீட்டுக் கொல்லையைப் பார்த்து வந்தோம். நண்பர் உபாத்தியாயராயிருந்து ஓய்வு பெற்றவர். புஸ்தகத்தில் படித்ததை உடனே செய்து பார்த்துவிட வேண்டும் என்ற சுபாவம் உடையவர்.

அவர் படித்தது, அமெரிக்காவில் ஜான் ஜெவன்ஸ் என்பவர் 1974-ல் வெளியிட்ட புஸ்தகம். சொற்ப நிலத்தில் ஏராளமான காய்கறி விளைவிக்கும் வழியை அது விவரிக்கிறது. 5 அடி அகலம், 20 அடி நீளம். ஆக 100 சதுர அடியில் ஒரு பாத்தி. மேல்மண்ணை ஓர் அடி ஆழத்துக்கு எடுத்துவிட்டு, அடிமண்ணையும் ஓர் அடி கொத்தித் தளர்த்தி, மேல்மண்ணோடு மக்கிய எருவைக் கலந்து பரப்ப வேண்டும். மண் பூரித்துத் தரைக்கு மேல் எழும்பி நிற்கும். அதன் பிறகு பாத்தியில் ஒருவரும் கால் வைக்கலாகாது; இரு புறமும் நின்று கையை நீட்டித்தான் வேலை செய்யவேண்டும். செடிகளை முக்கோணமாக நெருக்கி நட்டால், இலைகள் ஒன்றையொன்று தொட்டு மண்ணுக்குக் குடை பிடிக்கும். களை குறையும். வேர்களும் பக்கத்துச் செடியோடு சண்டைக்குப் போகாமல் ஆழத்தில் இறங்கும்.

இது அமெரிக்காவின் பிதுரார்ஜித சொத்து அல்ல. ஆலன் சாட்விக் என்ற ஆங்கிலேயர் 1967-ல் கலிபோர்னியாவின் ஸான்டா குரூஸ் சர்வகலாசாலையில் இவ்விதத் தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கும் முன்பு, 19-ஆம் நூற்றாண்டில், பாரிஸ் நகரத்தைச் சுற்றியிருந்த தோட்டக்காரர்கள் குதிரைச் சாணத்தைக் கொட்டி நெருக்கமாகப் பயிர் செய்து வந்தார்கள். மக்கிய எருவின் மகிமையை மேல்நாட்டாருக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஸர் ஆல்பர்ட் ஹோவர்ட். 1924 முதல் 1931 வரை அவர் இந்தோரில் இருந்து அந்த முறையை வகுத்தார். இந்தியக் குடியானவர்களையே தம் ஆசான்களாகக் கொண்டவர் அவர். ஆக, நம் ஊர்ச் சாணமும் சருகும் கடல் கடந்து போய், பாடப் புஸ்தகமாகத் திரும்பி வந்திருக்கின்றன!

நண்பர் புஸ்தகத்தில் கண்டபடியே கொத்தினார், எரு இட்டார், பாத்தியை முக்கால் அடி உயர்த்தினார். சித்திரை பிறந்தது. மேட்டின் தலையில் வெயில். இரு பக்கங்களிலும் அனல் காற்று. காலையில் விட்ட ஜலம் நண்பகலுக்குள் மாயமாய் மறைந்தது. கீரையெல்லாம் தலை சாய்ந்தது. கிணறோ அடி கண்டிருந்தது.

அடுத்த வீட்டுப் பாட்டி வேலிக்கு அப்பால் நின்று பார்த்தாள். "மேட்டுல ஊத்துன தண்ணி நிக்குமா, வாத்தியாரே?" என்று கேட்டாள். அவளுடைய பாத்திகள் தரைக்குக் கீழே பள்ளமாக, சுற்றிலும் கரை கட்டியிருந்தன. அவற்றில் கீரை பசேலென்று இருந்தது. நண்பர் வெட்கமடைந்து தம் பாத்திகளையெல்லாம் பள்ளமாக்கினார். வெட்டியெடுத்த மண்ணைச் சுவரோரமாகக் கொட்டி, மிஞ்சிய கத்தரி நாற்றுகளை அதில் ஊன்றி வைத்தார்.

2024 நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நண்பரின் பாத்திகளும் பாட்டியின் பாத்திகளும் ஒன்றுபோல் குளமாயின. வேருக்கும் காற்று வேண்டுமல்லவா? ஜலம் தேங்கி நின்றதில் மூச்சு முட்டி, செடிகள் அழுகிப்போயின. பாட்டிக்கு அந்தக் கீரைதான் தினசரிக் கறி. கட்டுகளாக விற்றுக் கைச்செலவுக்கும் வைத்துக்கொள்வாள். இந்தத் தடவை அவள் பரிகாசம் செய்யவில்லை. சுவரோரத்து மேட்டில் இருந்த கத்தரிச் செடிகள் மாத்திரம் நிமிர்ந்து நின்றன.

புஸ்தகமும் பொய் சொல்லவில்லை. பாட்டியும் பொய் சொல்லவில்லை. ஒரே கொல்லையில் ஆறு மாதம் வறட்சியும் இரண்டு மாதம் பிரளயமும் மாறி மாறி வருவதுதான் நம் ஜில்லாவின் விசேஷம். ஆகவே ஆழமாகக் கொத்துவது, எரு இடுவது, பாத்தியை மிதிக்காமலிருப்பது என்ற மூன்றும் வருஷம் முழுவதற்கும் பொது. உயரம் மட்டும் பருவத்துக்கு ஏற்ப மாறவேண்டும்.

நண்பர் இப்போது அப்படித்தான் செய்கிறார். ஐப்பசிக்கு முன்பே நடைபாதை மண்ணை வாரிப் பாத்தியின் மேல் போடுகிறார். பாத்தி மேடாகிறது, நடைபாதை வாய்க்காலாகி மழை ஜலத்தை வெளியேற்றுகிறது. கத்தரி, அவரை, முள்ளங்கி அப்போது வருகின்றன. தை கழிந்ததும் மேட்டைச் சரித்து, ஓரங்களில் கரை கட்டி, வைக்கோலும் மணிலாக் கொடியும் பரப்பி மூடிவிடுகிறார். வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை கோடையைத் தாங்குகின்றன. கோடையிலும் மேட்டுப் பாத்தியே வேண்டும் என்பவர்கள் சொட்டு நீர்க் குழாய் போட்டுக்கொள்ளலாம். இதே ஜில்லாவில் ஆரோவில்லில் 2000-ல் தொடங்கிய 'புத்தா கார்டன்' பண்ணையில் பாத்திகளுக்கு அவ்வாறு நீர் பாய்ச்சியிருக்கிறார்கள்.

கொல்லையுள்ள நேயர்களுக்கு நம் யோசனை இதுதான்: முதல் வருஷம் ஒரே ஒரு பாத்தி போடுங்கள். மண்வெட்டியை எடுக்குமுன் பெரிய மழையில் உங்கள் கொல்லையில் ஜலம் எங்கே தேங்குகிறது, சித்திரையில் எந்த மூலை முதலில் வெடிக்கிறது என்று அடுத்த வீட்டுப் பாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புஸ்தகத்தை அப்புறம் பிரிக்கலாம்.