சுவர் எல்லாம் சித்திரம்; வீடு எல்லாம் விடுதி!

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், பசிபிக் சமுத்திரத்தை ஒட்டி நீளமாகக் கிடக்கிறது சிலி நாடு. அதன் பழைய துறைமுகப் பட்டணம் வால்பரைசோ. தலைநகர் சாண்டியாகோவில் இருந்து சுமார் 120 கிலோ மீட்டர்.

கடலோரத்தில் ஒரு துண்டுச் சமநிலம். கப்பல் துறை, கடைத்தெரு, பாங்குகள் எல்லாம் அங்கே. அதைத் தாண்டினால் குன்று. குன்றுக்குப் பின்னால் இன்னொரு குன்று. மொத்தம் 40-க்கு மேல்! ஜனங்களில் பெரும்பாலோர் குன்றுகள் மேலேதான் குடியிருக்கிறார்கள்.

ஏறுவதற்குப் படிக்கட்டு உண்டு. பழனி மலையில் ஓடுகிறதே விஞ்ச், அதைப் போன்ற வண்டியும் உண்டு. முதல் வண்டி 1883-ல் ஓடியது. ஒரு காலத்தில் சுமார் 30 வண்டிகள் இருந்தன. இன்று ஓடுபவை கொஞ்சம்தான்.

ஆகவே, ஊர் பார்க்கப் போகிறவர்கள் நடக்கிறார்கள். நடப்பதில் நஷ்டம் இல்லை. திரும்பிய பக்கமெல்லாம் சித்திரம்! வீட்டுச் சுவரில் ஆள் உயரப் பறவை. மாடிக் கட்டடம் முழுவதும் ஒரே முகம். ஒரு படிக்கட்டு, பியானோவின் கருப்பு வெள்ளைக் கட்டைகளைப் போலவே இருக்கிறது. வீடுகளுக்கு வெளியே தகரம் அடித்திருக்கிறார்கள். அதற்கும் மஞ்சள், நீலம், சிவப்பு. கப்பலுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட்தான் முதலில் வீட்டுக்கு வந்தது என்று அந்த ஊரில் சொல்வார்கள்.

இரவோடு இரவாக

இந்தச் சித்திரங்கள் அழகுக்காகப் பிறந்தவை அல்ல. அரசியலுக்காகப் பிறந்தவை.

தேர்தல் வந்தால் நம் ஊரில் சுவர் பிடிப்பார்கள் அல்லவா? சிலியிலும் அப்படித்தான். 1968-ல் கம்யூனிஸ்டு இளைஞர்கள் ‘ரமோனா பாரா படை’ என்று ஒன்றை அமைத்தார்கள். ஒருவர் கோடு போடுவார். ஒருவர் எழுத்துக்குள் வர்ணம் நிரப்புவார். இன்னொருவர் பின்னணி பூசுவார். போலீஸ் வருவதற்குள் வேலை முடிந்துவிடும்!

1970-ல் அலெண்டே ஜனாதிபதி ஆனார். 1973 செப்டம்பர் 11-ந் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தலைவர் பினோசே. அவர் பிறந்ததும் இதே வால்பரைசோவில்தான்! சுவர்ப் படங்கள் அழிக்கப்பட்டன. 1990 வரை ராணுவ ஆட்சி.

கதவில்லாத கண்காட்சி

பெயாவிஸ்தா குன்றில் ஓர் அருங்காட்சிச் சாலை இருக்கிறது. கூரை கிடையாது. கதவு கிடையாது. டிக்கெட்டும் கிடையாது. தெருச் சுவர்களே கண்காட்சி.

சர்வகலாசாலை ஆசிரியர் பிரான்சிஸ்கோ மெந்தெசும் அவருடைய மாணவர்களும் 1969-ல் இந்த வேலையைத் தொடங்கினார்கள். 1973-ல் நின்று போயிற்று. 19 வருடம் கழித்து, 1992-ல் 20 படங்களுடன் திறந்தார்கள். ரொபர்த்தோ மாத்தா போன்ற பெயர் பெற்ற ஓவியர்களின் படங்கள் அங்கே இருக்கின்றன. நோபல் பரிசு பெற்ற கவிஞர் பாப்லோ நெருடாவின் வீடும் பக்கத்தில்தான்.

கடைக்காரர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. வெறும் சுவரை விட்டுவைத்தால் யாராவது கிறுக்கிவிடுவார்கள். நல்ல படம் இருந்தால், அதன்மேல் இன்னொருவர் கை வைக்கத் தயங்குவார். ஆகவே, கடைக்காரரே ஓவியரைக் கூப்பிடுகிறார். இந்த மரியாதை எப்போதும் செல்லுபடி ஆவதில்லை. இப்போது படத்தின் மேலேயே கிறுக்கல் விழுகிறது. 2019 அக்டோபரில் சிலி முழுவதும் கிளர்ச்சி எழுந்தபோது, சுவர்கள் மறுபடியும் கோஷம் போட்டன.

யாருக்கு லாபம்?

1914-ல் பனாமா கால்வாய் திறந்தது. கப்பல்களுக்குக் குறுக்கு வழி கிடைத்துவிட்டது. வால்பரைசோவின் செல்வாக்குச் சரிந்தது. நெடுங்காலம் நொடித்துக் கிடந்த ஊர் இது. 2003-ல் யுனெஸ்கோ அதன் பழைய பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வெளிநாட்டார் வந்தார்கள். சித்திரங்களைப் பார்த்து மயங்கினார்கள்.

அலெக்ரே குன்றிலும் கன்செப்சியோன் குன்றிலும் வீடுகள் விடுதிகள் ஆயின. காபிக் கடைகள் ஆயின. ‘அலெக்ரே’ என்றால் ஆனந்தம் என்று அர்த்தம். ஆனந்தம் யாருக்கு? படம் வந்தால் சுவருக்கு மதிப்பு ஏறுகிறது. சுவருக்குச் சொந்தக்காரர் லாபம் பார்க்கிறார். அதே வீட்டில் வாடகைக்கு இருப்பவரோ, கூலி ஏறியதும் பெட்டி படுக்கையைக் கட்ட வேண்டியிருக்கிறது. ஏழைகளின் குரலாக இருந்த சுவர், ஏழையை வெளியே அனுப்ப உதவுகிறது. இதற்கு ஓவியரைக் குற்றம் சொல்வது நியாயம் அல்ல. வாடகைக்கு வரம்பு கட்ட வேண்டியவர் அவர் அல்லவே!

மேல் குன்றுகளின் கதை வேறு. அங்கே ஓடைச் சரிவுகளில் பலகையாலும் தகரத்தாலும் கட்டிய வீடுகள். 2014 ஏப்ரலில் தீப் பிடித்தது. காற்றும் சேர்ந்துகொண்டது. சந்துகள் குறுகல்; தீயணைக்கும் வண்டிகள் ஏறத் திணறின. 15 பேர் மாண்டார்கள். 2,500 வீடுகளுக்கு மேல் சாம்பல் ஆயின.

தீ அணைந்த கொஞ்ச நாளிலேயே, வேறு போக்கிடம் இல்லாத ஜனங்கள் அதே சரிவுகளில் மறுபடியும் பலகை அடித்தார்கள். சித்திரம் பார்க்க வருகிறவர்களின் நடை பெரும்பாலும் அவ்வளவு உயரம் போவதில்லை.