குண்டு புதைந்த கழனியும் காந்தக் கருவியும்

மண்ணில் மண்வெட்டி இறங்கினால் கிழங்கு வரும், மண்புழு வரும். லாவோஸ் நாட்டு விவசாயிக்கோ குண்டு வருகிறது!

1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அந்தச் சின்னஞ்சிறு நாட்டின் மீது 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு பொழிந்தன. கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் மட்டும் சுமார் 27 கோடி. அவற்றில் ஏறத்தாழ 8 கோடி வெடிக்காமல் மண்ணில் தங்கின. யுத்தம் முடிந்த பிறகும் மாண்டவரும் காயமுற்றவருமாக 20,000 பேருக்கு மேல் பலியாயினர். இவர்கள் யார்? துப்பாக்கி ஏந்திய சிப்பாய்களா? இல்லை, வயலில் பாடுபட்டவர்களும் விளையாடிய குழந்தைகளுமே பெரும்பாலோர்.

புதைந்த குண்டைக் கண்டறியக் காந்தமானி என்ற கருவி உண்டு. இதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. பூமி ஒரு பெரிய காந்தம். இரும்பு புதைந்த இடத்தில் அந்தக் காந்த வலு சற்றே மாறும். அதை அளப்பதுதான் வேலை.

பிளாஸ்டிக் புட்டியில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ நிரப்பு. அதைச் சுற்றி, மேற்பூச்சுள்ள செப்புக் கம்பியைப் பல நூறு சுற்றுச் சுற்று. சுருளைக் கிழக்கு மேற்காக வை. பாட்டரியிலிருந்து சில வினாடி மின்சாரம் விட்டுச் சட்டென்று நிறுத்து. திரவத்திலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள், ஓயப்போகும் பம்பரம் போல, வினாடிக்குச் சுமார் 2,000 தடவை தலையாட்டும். அந்த மெல்லிய மின் துடிப்பைப் பெருக்கி எண்ண வேண்டும். இரும்பு அருகே வந்தால் எண்ணிக்கை மாறும். தங்கம், செம்பு, பித்தளை இதற்குத் தெரியாது. மேலாகக் கிடக்கும் சிறு குண்டுக்கு வேறு வகை உலோகக் கருவியே ஏற்றது. ஆழத்தில் கிடக்கும் பெரிய இரும்புக் குண்டுக்கு இதுவே கண்.

இரண்டாம் உலக யுத்தத்தில் விமானத்திலிருந்து நீர்மூழ்கிக் கப்பலை வேட்டையாட வேறொரு வகைக் காந்தமானி பயன்பட்டது. எண்ணெய்க் கம்பெனிகளும் பூமிக்கடியில் செல்வம் தேட இதே விஞ்ஞானத்தைக் கையாண்டன. யுத்தத்துக்கும் லாபத்துக்கும் பணம் தட்டுப்படவில்லை. உழவனின் உயிர் என்றால் மட்டும் கஞ்சத்தனமா? 2016-ல்தான் அமெரிக்கா, 3 ஆண்டுகளுக்கு 9 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. யுத்தம் ஓய்ந்து 43 ஆண்டு கழித்து!

புட்டியும் கம்பியும் கொண்டு கருவி செய்யலாம். ஆனால் குண்டைத் தோண்டுவது பயிற்சி பெற்றவர் வேலை. அந்தப் பயிற்சிக்கும் கருவிக்கும் கூலிக்கும் ஆகும் செலவு யாருடையது? குண்டு போட்டவனுடையது. இது பிச்சையல்ல, கடன். கடைசிக் குண்டு வெளிவரும் வரை அந்தக் கணக்குத் தீராது.