கேட்டறிந்து அழைப்போம்

தமிழக எல்லையை ஒட்டி அமைந்தது ஹனூர் வட்டம். 1956 வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் பகுதியைச் சேர்ந்தது இது. பின்னர் மைசூரோடு இணைந்தது. இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. எனவே, தமிழும் கன்னடமும் இங்குக் கலந்தே ஒலிக்கின்றன.

இவ்வட்டத்தில், மாதேஸ்வரன் மலையை அடுத்த காட்டினுள் இண்டிகநத்தா என்னும் சிற்றூர் உள்ளது. 2024 ஏப்ரல் 26 அன்று மக்களவைத் தேர்தல் நடைபெற்றது. அடிப்படை வசதிகள் இல்லை எனக் கூறி, ஊரார் பலர் தேர்தலைப் புறக்கணித்தனர். மோதல் மூண்டு, வாக்குச்சாவடி சூறையாடப்பட்டது. வாக்குப்பதிவு இயந்திரமும் உடைந்தது. ஏப்ரல் 29 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தபோது, 528 வாக்காளருள் 58 பேரே வந்தனர்.

வாக்களிக்கத் தூண்டும் தொண்டர் படையை அமைப்போர் இந்நிகழ்வை ஆழ்ந்து எண்ண வேண்டும். தேர்தலுக்கு முந்தைய வாரத்தில் பதாகை ஏந்தி ஊர்வலம் செல்வதே பல இடங்களில் தொண்டு எனப்படுகிறது. மறந்திருப்பவருக்கு அது நினைவூட்டும். மனக்குறை உடையவருக்கு அது விடையாகாது.

ஆகவே, தொண்டு பல திங்கள் முன்னரே தொடங்குதல் வேண்டும். ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய வீடுகளைத் தெருவாரியாகப் பிரித்து, இருபது வீட்டுக்கு இருவர் எனப் பொறுப்பளிக்கலாம். பட்டியலில் பெயர் உள்ளதா, நடக்க இயலாதவர் உளரா, ஊரின் குறை யாது என்னும் மூன்றையும் அவர்கள் கேட்டுக் குறித்தல் வேண்டும். புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6 உண்டு. குடிபெயர்ந்தோர் முகவரி மாற்றப் படிவம் 8 உண்டு. ஊரின் குறையை மனுவாக்கி ஊராட்சியிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் அளிக்கலாம். கிடைத்த மறுமொழி எதுவாயினும், அதனை அவ்வீட்டாரிடமே திரும்பச் சென்று கூறுவது கடமை. சாலை வரும் எனத் தாமே வாக்குறுதி தருதல் கூடாது. கட்சிச் சின்னம் அணிதலும் கூடாது.

புறக்கணிப்பே தக்க எதிர்ப்பு என்பார் உளர். அவர்தம் சினம் நியாயமானதே. ஆயினும், வராதவர் சினத்தால் வரவில்லையா, சோம்பலால் வரவில்லையா என்று வெற்றுச்சாவடி சொல்லாது. 2013 முதல் நடைமுறையில் உள்ள நோட்டா வெற்றி தோல்வியை மாற்றாது. எனினும், எதிர்ப்பை எண்ணிக்கையில் ஏற்றும். இயந்திரத்தை உடைப்பவரோ அயலாரின் உரிமையையும் சேர்த்தே உடைக்கிறார்.

பிழைப்புக்காக வந்த தமிழர் பலரின் பெயர் சொந்த ஊர்ப் பட்டியலிலேயே தங்கிவிடுகிறது. கன்னடப் பட்டியலைப் படித்து, தமிழில் விளக்க வல்ல மாணவர் இங்கு அரிய தொண்டர் ஆவார். பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கு வாக்கு இல்லை. ஆனால், பதினேழு நிரம்பியவர் பெயர் சேர்க்க முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். அதற்கும் இளைய மாணவர் தம் வீட்டுப் பெரியோரின் பெயர் பட்டியலில் உள்ளதா எனப் பார்ப்பதிலிருந்து இத்தொண்டைத் தொடங்கலாம்.

சொற்பொருள்
திங்கள் – மாதம்; அயலார் – பக்கத்தில் வாழ்வோர்; வல்ல – திறமையுள்ள

சிந்தித்து எழுதுக
1. ஊர்வலம் மட்டும் போதாது எனக் கட்டுரை கூறுவது ஏன்?
2. புறக்கணிப்பு, நோட்டா ஆகிய இரண்டையும் ஒப்பிட்டு உம் கருத்தை எழுதுக.
3. உம் தெருவின் குறை ஒன்றைக் குறித்து வட்டாட்சியருக்கு மனு வரைக.