புதுக் கம்ப்யூட்டர் வாங்குமுன் ஒரு கேள்வி

மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்யும் வணிகர்களுக்கு 14-ஆம் தேதி ஜி.எஸ்.டி. 2-பி பட்டியல் வருகிறது. வழக்கமாக 20-ஆம் தேதிக்குள் 3-பி தாக்கல் செய்தாக வேண்டும். இடைப்பட்ட ஆறு நாட்களில் நம் கொள்முதல் பில்களைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தாக வேண்டும். பட்டியலில் ஏறாத பில்லுக்கு 2022 ஜனவரி முதல் உள்ளீட்டு வரி வரவு இல்லை. சரக்கு விற்றவர் கணக்கில் காட்டாமல் விட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

இந்த வேலை இழுத்துக்கொண்டே போனால், "கம்ப்யூட்டர் பழசு, மாற்றுங்கள்" என்பார்கள். பணத்தை எடுக்குமுன், புரோகிராம் எழுதியவரிடம் ஒன்று கேளுங்கள்: "ஒவ்வொரு பில்லையும் எப்படித் தேடுகிறீர்கள்?"

ஒரு பில்லுக்குப் பட்டியலைத் தலையிலிருந்து வால் வரை ஓட்டுவது ஒரு முறை. நம்மிடம் 3,000 பில், பட்டியலில் 3,000 பதிவு என்றால் 90 லட்சம் ஒப்பீடு வரை போகும். வியாபாரம் இரட்டித்தால் இந்த வேலை நான்கு மடங்காகும்.

சீரகம் கேட்டவருக்காக நாம் முதல் டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாகத் திறக்கிறோமா? கை நேராக அந்த டப்பாவுக்குப் போகிறது. ஹேஷ் முறையும் இதுதான். விற்றவரின் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணையும் பில் எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஓர் அறை எண் கிடைக்கும். பட்டியலை ஒரு முறை அறைகளில் அடுக்கிவிட்டால், நம் பில்லுக்கு உரிய அறையை மட்டும் பார்த்தால் போதும். அடுக்க 3,000, தேட 3,000. சுமார் 6,000 தடவையில் வேலை முடியும். இரண்டு பில் ஒரே அறையில் விழுந்தால், அங்கே மட்டும் ஒப்பிட வேண்டியிருக்கும். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1953-லேயே சொன்ன யோசனை இது.

ஆனால் நம் பக்கமும் ஒழுங்கு வேண்டும். அவர் '045' என்றும் நாம் '45' என்றும் எழுதினால் அறையே மாறிவிடும். இடைவெளி, கோடு, முன் பூஜ்யம் ஆகியவற்றை இரு பக்கமும் நீக்கிய பிறகே தேடச் சொல்லுங்கள். தொகையைத் தேடும் எண்ணோடு சேர்க்க வேண்டாம். பைசா வித்தியாசத்தில் பில்லே காணாமல் போகும். எண்ணால் கண்டுபிடித்து, பிறகு தொகையை ஒப்பிடுவதே சரி.

ஒத்துப் போகாத பில்களுக்காக விற்றவரைத் தொலைபேசியில் பிடிப்பதுதான் மனிதர் செய்ய வேண்டிய வேலை. நமக்குள்ள ஆறு நாளும் அதற்கே செலவாகட்டும்.