‘தொழில்முறை’ என்னும் ஏமாற்றுச் சொல்

விழிஞ்ஞம் கடற்கரையில் பந்து உதைக்கும் சிறுவனைப் பற்றி எழுதுவோர் அனைவரும் ஒரே கதையையே எழுதுகின்றனர்: வெறுங்கால், மணல், வறுமை, பின்னர் வெற்றி. முன்னாள் வீரர் எபின் ரோஸ் மீனவர் வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக் கோவளம் எஃப்சி அணியை வளர்த்தபோதும் இக்கதையே ஓடியது. களத்தை விட்டு இறங்கிய பின் அப்பிள்ளை எதைக் கொண்டு உண்பான் என்று எவரும் கேட்பதில்லை.

கேரளக் கால்பந்திடம் இதற்கு ஒருகாலத்தில் விடை இருந்தது. டைட்டானியம், திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி, மின்வாரியம், காவல்துறை ஆகியவை வீரனுக்குச் சீருடையோடு வேலையும் தந்தன. அதனைக் குமாஸ்தாக்களின் ஆட்டம் என்று எள்ளுவது இன்று அறிவுடைமையாகக் கருதப்படுகிறது. அந்தக் ‘குமாஸ்தாக்கள்’தாம் 1990, 1991 ஆகிய இரு ஆண்டுகளும் கேரளக் காவல்துறைக்காக ஃபெடரேஷன் கோப்பையை வென்றனர். திருச்சூர் அரங்கில் சோடா விற்ற ஐ. எம். விஜயன் 2025இல் காவல்துறை அதிகாரியாகவே ஓய்வுபெற்றார். எந்த ஐஎஸ்எல் ஒப்பந்தம் இதற்கு உறுதி தரும்?

வேலை மட்டும் அனைத்தையும் தீர்த்துவிடாது என்பது மெய். இந்தியன் வங்கியில் பணியிலிருந்த வி. பி. சத்யன் 2006இல் சென்னைப் பல்லாவரத்தில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். காயமுற்ற உடலையும் சோர்ந்த மனத்தையும் ஏற்றுப் பேணும் ஏற்பாடு அன்றும் இல்லை. ஆனால் இருந்த ஒன்றையும் பறிப்பது அதற்கு மருந்தாகாது.

ஜோபி ஜஸ்டினைச் சான்று காட்டுவர். வெட்டுகாட்டுக் கடற்கரையில் பிறந்து, ஈஸ்ட் பெங்காலுக்காக 2018-19 ஐ-லீக்கில் 9 கோல்கள் அடித்தவர். அவர் ஏறிவந்த படி மின்வாரிய அணி என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுவர். 2025 ஜூலையில் வணிக உரிமைச் சிக்கலால் ஐஎஸ்எல் நிறுத்திவைக்கப்பட்டபோது, ‘தொழில்முறை’ வீரர்கள் அடுத்த ஆட்டம் எப்போது என்றறியாது வீட்டிலிருந்தனர்.

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி வீரர்கள் இதை முன்பே கற்றனர். ஓய்வூதிய நிதியின் கணக்கைக் கேட்டு 1957இல் சங்கம் கட்ட முனைந்த டெட் லிண்ட்சேயை டெட்ராய்ட் அணி சிகாகோவுக்குத் தள்ளிவிட்டது. சங்கம் நிலைபெற 1967 ஆயிற்று. அங்கே நட்சத்திர வீரனே கணக்குக் கேட்டான். இங்கே ஆய்வேடு எழுதுவோர்கூடக் கேட்பதில்லை.

2025 மே 2 அன்று விழிஞ்ஞம் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் வேலைவாய்ப்பு வாக்குறுதிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு எத்தனை இடங்கள்? ‘விளிம்புநிலைக் கால்பந்து’ குறித்துக் கருத்தரங்கு நடத்தும் துறைகள் முதலில் இதைக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதட்டும்.